மலையடி நிலத்தில் ஓட்ட மவுண்டன் சைக்கிளில் மோட்டார்: 3000 வாட் ஹப்பா, நடுமோட்டாரா?

மேட்டுக்கொல்லை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்கள் பட்டா நிலம் இருக்கிறது. பெரும்பகுதி மாந்தோப்பு. கிணற்றடியிலிருந்து மேல்கொல்லைக்கு ஒன்றரை கிலோமீட்டர் வண்டித்தடம். முதல் ஒரு கிலோமீட்டர் சுமாரான ஏற்றம், நடுவே ஓர் ஓடை மணல். கடைசி ஐந்நூறு மீட்டர்தான் சிக்கல்: முழுக்க உருட்டுக்கல், நூறு மீட்டர் போனால் இருபது மீட்டர் ஏறுகிறது.

இந்தத் தடத்துக்காக ஒரு மவுண்டன் சைக்கிளில் மோட்டார் போடப் போகிறேன். மொபெட் வாங்கச் சொல்லாதீர்கள், மிதிக்கவும் வேண்டும். கையில் இருப்பது 27.5 அங்குல அலுமினிய ஹார்ட்டெயில், அதாவது பின் சஸ்பென்ஷன் இல்லாத வகை. 100 மி.மீ. முன் சஸ்பென்ஷன், 160 மி.மீ. டிஸ்க், 3×8 கியர், பின் அச்சு உட்காரும் டிராப்அவுட் 135 மி.மீ., பெடல் அச்சு போகும் பாட்டம் பிராக்கெட் 73 மி.மீ. திரெட் போட்டது. என் எடை 75 கிலோ, பையில் ஐந்து கிலோ.

சக்கரத்தின் நடுவில் உட்காரும் 72 வோல்ட் 3000 வாட் ஹப் மோட்டார் கிட் போடலாமா, பெடல் அச்சில் உட்காரும் பாஃபாங் பிபிஎஸ்எச்டி (1000 வாட்) போன்ற நடுமோட்டார் போடலாமா? பேட்டரியைச் செல் வாங்கி நானே கட்டலாமா? இந்த பிரேமும் பிரேக்கும் தாங்குமா? ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி மலைப்பாதையிலும் ஓட்டிப் பார்க்க ஆசை, அது சரிவருமா?

பல்சக்கரம் பதில்:

தம்பி, வாட் எண்ணிக்கையை ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் தடத்துக்கு எவ்வளவு இழுவை வேண்டும் என்று கணக்குப் போட்டாலே எந்த மோட்டார் என்பது தெரிந்துவிடும்.

நீங்கள், பை, வண்டி எல்லாம் சேர்த்து 110 கிலோ. இருபது சதவீத ஏற்றத்தில் புவியீர்ப்பு பின்னுக்கு இழுப்பது 110 × 9.81 × 0.2, ஏறத்தாழ 216 நியூட்டன். கல்லும் மண்ணும் டயரைப் பிடிப்பதற்கு ஒரு 32 சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 248 நியூட்டன். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஏறினால் சக்கரத்தில் வேண்டிய சக்தி சுமார் 830 வாட். அவ்வளவுதான். 3000 வாட் எல்லாம் இந்த ஏற்றத்துக்குத் தேவையே இல்லை.

அந்த 830 வாட்டை மோட்டார் எந்த வேகத்தில் சுற்றிக்கொண்டு கொடுக்கிறது என்பதுதான் கேள்வி. 27.5 சக்கரம் மணிக்கு 12 கி.மீ.யில் நிமிடத்துக்கு 90 சுற்று. கியர் இல்லாத ஹப் மோட்டாரும் அதே 90 சுற்றில்தான் சுற்றியாக வேண்டும். அந்த நேரத்தில் அச்சில் வேண்டிய முறுக்குவிசை 87 நியூட்டன் மீட்டர். வழக்கமான பெரிய ஹப் மோட்டார், ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்குப் பத்து சுற்று போகிற வகை, இந்த விசையைக் கொடுக்க சுருளுக்குள் 90 ஆம்பியர் கேட்கும். சுருளின் மின்தடை 0.12 ஓம் என்று வைத்தால் 90 × 90 × 0.12, அதாவது 970 வாட் வெறும் சூடாகவே போகிறது. ஏறுவதற்குச் செலவாவதை விடச் சூடாக வீணாவது அதிகம்.

72 வோல்ட் போட்டால் இது குறையுமா என்றால் குறையாது. முறுக்குவிசை ஆம்பியரால் வருவது. வோல்ட் கூட்டினால் கூடுவது கடைசி வேகம். கல்தடத்தில் அந்த வேகத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

நடுமோட்டாரில் விசை செயின் வழியாகப் பின் கியருக்குப் போகிறது. முன்னால் 42 பல், பின்னால் 42 பல் போட்டால் அதே 12 கி.மீ.யில் பெடலும் 90 சுற்று. பிபிஎஸ்எச்டி நிம்மதியாக ஓடும் இடம் அது. உள்ளே குறைப்பு கியர் இருப்பதால் சுருள் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மொத்தத் திறன் 77 சதவீதம் என்று வைத்தாலும் பேட்டரியிலிருந்து 1070 வாட், 52 வோல்ட் பேட்டரி சுமையில் 50க்கு இறங்கினால் 21 ஆம்பியர். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரின் வரம்பு 30. கைவசம் மிச்சம் இருக்கிறது. உங்கள் மிதி அதற்கு மேல் லாபம்.

ஆகவே என் ஓட்டு பிபிஎஸ்எச்டி, 14எஸ் பேட்டரி, அதாவது 14 செல் தொடராக. முழு சார்ஜில் 58.8 வோல்ட் வரும். கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் 63 வோல்ட்டுக்கானவை. 16 லித்தியம் அயான் செல்லைத் தொடராக வைத்து 67 வோல்ட் கொடுத்தால் கன்ட்ரோலர் போய்விடும்.

வாங்கும் முன் சைக்கிளில் மூன்று இடம் பாருங்கள். ஒன்று, வலது செயின்ஸ்டே, அதாவது பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய். மவுண்டன் சைக்கிளில் அந்தக் குழாய் அகலமாக விரிந்து வரும்; மோட்டாரின் கியர் பெட்டி அதில் இடிக்கலாம். கியர் பெட்டி அளவுக்கு அட்டை வெட்டி வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அடுத்து, பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் ஓடும் கியர் கேபிள். மோட்டார் அதை நசுக்கும். முழு உறையோடு மேல் குழாய் வழியாக மாற்றிவிடுங்கள். மூன்றாவது, பின் ஹப். கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) உட்காரும் ப்ரீஹப் உடல் அலுமினியமாக இருந்தால் மோட்டார் விசையில் ஒவ்வொரு பல்சக்கரமும் அதில் கடித்துப் பள்ளம் போடும், பிறகு கேசட்டைக் கழற்றவே வராது. இரும்பு உடல் உள்ள ஹப் வேண்டும்.

முன்னால் செயினைத் தள்ளி கியர் மாற்றும் டிரெய்லரும் இடது ஷிப்டரும் கழன்றுவிடும். பின்னால் 9 ஸ்பீடு, 11-42 இரும்பு கேசட், நீள கேஜ் டிரெய்லர். 11, 12 ஸ்பீடு செயின் மெலிது, இந்த வேலைக்கு வேண்டாம். முன் வளையம் இன்னும் சின்னதாக 30 பல் போடலாமே என்று தோன்றும். 42 பல் வளையம் உள்பக்கம் குழிந்து கியர் பெட்டியை மூடிக்கொண்டு உட்காரும், அதனால் செயின் நேராக ஓடும். 30 பல் வளையம் அப்படிக் குழிய முடியாது, வெளியே தள்ளி நிற்கும். பின்னால் பெரிய பல்லுக்குப் போகும்போது செயின் கோணலாக இழுபடும், பெடலைப் பின்னால் மிதித்தால் கழன்று விழும். மோட்டாரின் முழு விசையில் செயின் இழுவையும் 1900 நியூட்டனிலிருந்து 2600க்கு ஏறும்.

மாட்டும்போது திரெட்டில் உள்ள கிரீஸ், அழுக்கு எல்லாம் துடைத்துவிட்டு மோட்டாரை மேலே தூக்கி, கீழ்க்குழாயை ஒட்டும் அளவுக்கு வையுங்கள். அதற்குப் பிறகு பல் உள்ள தகட்டை இரண்டு போல்ட்டோடு மாட்டி, அதன் மேல் பெரிய வளைய நட்டு, 40 நியூட்டன் மீட்டர் வரை. ஆக்சிலேட்டர் திருகும் ஒவ்வொரு முறையும் மோட்டார் திரும்பப் பார்க்கும், ஆகவே முதல் ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு கட்டாயம் ஒரு இறுக்கு. தளர்ந்த நிலையில் ஓட்டினால் பாட்டம் பிராக்கெட் திரெட் தேய்ந்து பிரேமே வீண்.

கியர் சென்சார் தனியாக வரும், அதைக் கேபிளில் கோர்த்துவிடுங்கள். கியர் மாறும் நொடியில் மோட்டாரை நிறுத்திவிடும். சென்சார் இல்லாமல் முழு இழுவையில் கியர் மாற்றினால் செயின் அறும், அல்லது பல் வளையும்.

பாலாற்றுமணல் பதில்:

பல்சக்கரம் அண்ணா போட்ட கணக்கு சரி, ஆனால் அதிலிருந்து ஹப்பை அப்படியே தள்ளிவிட வேண்டாம். ஐந்நூறு மீட்டரை 12 கி.மீ. வேகத்தில் ஏற இரண்டரை நிமிடம்தான். 970 வாட் சூடு இரண்டரை நிமிடம் போனால் நாலு கிலோ இரும்பும் செம்பும் உள்ள ஸ்டேட்டர் (மோட்டாரின் சுழலாத சுருள் பகுதி) எண்பது டிகிரி அளவுக்கு ஏறும். 40 டிகிரி வெயிலில் தொடங்கினால் 120. எரியாது. மேலே போய் அரை மணி நேரம் நின்றுவிட்டு இறங்குகிறவருக்கு இது ஓடும். இறங்கி உடனே திரும்ப ஏறுகிறவருக்குத்தான் ஓடாது.

ஹப்புக்குச் செயின் தேய்மானம் இல்லை, இறக்கத்தில் ரீஜென் (மோட்டாரே பிரேக் பிடித்துப் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்புவது) கொடுத்தால் பிரேக்குக்கு வேலை பாதி குறையும். ஹப்தான் போடுவது என்றால் சுருளில் வெப்ப சென்சார் இருக்கிற மோட்டாராகப் பார்த்து, கன்ட்ரோலரில் 110 டிகிரியில் ஆம்பியர் குறையும்படி வையுங்கள். அச்சு 14 மி.மீ., இரண்டு பக்கமும் தட்டையான இடம் 10 மி.மீ. அலுமினிய டிராப்அவுட் மட்டும் இந்த விசையைத் தாங்காது, விரிந்து அச்சு சுழன்று ஒயரை அறுத்துவிடும். 6 மி.மீ. இரும்புத் தகட்டில் இரண்டு பக்கமும் அச்சு சுழலாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் வெட்டி, போல்ட் போட்டுப் பிரேமில் பிடிக்க வேண்டும். ராணிப்பேட்டை, காட்பாடி லேத்துப் பட்டறைகளில் அளவு கொடுத்தால் வெட்டித் தருவார்கள். துளை 10.0 மி.மீ. இறுக்கமாக இருக்கட்டும், ரீஜென்னில் விசை திசை மாறுவதால் கால் மில்லி ஆட்டம் இருந்தாலும் நாளடைவில் அது பெரிதாகும்.

ஆனால் உங்கள் தடம் உருட்டுக்கல் என்கிறீர்கள். பின்சக்கரத்தில் எட்டு கிலோ மோட்டார், பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத பிரேம். ஒவ்வொரு கல்லும் ரிம்மிலும் ஸ்போக்கிலும் விழும். அந்தக் காரணத்துக்காக நானும் உங்களுக்கு நடுமோட்டாரைத்தான் சொல்வேன். பாலாற்றங்கரை மாதிரி சமதள மண்தடம் என்றால் என் பதில் வேறு.

காட்பாடி_ஒயர்மேன் பதில்:

பேட்டரி பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதில் தப்பு வந்தால் வண்டி நிற்கும், இதில் தப்பு வந்தால் வீடு எரியும்.

14எஸ் 4பி, அதாவது தொடராக 14 வரிசை, வரிசைக்கு இணையாக 4. 21700 அளவு செல் 56. சாம்சங் 50எஸ் என்றால் 20 ஆம்பியர் ஹவர், ஏறத்தாழ 1000 வாட் ஹவர், கரண்ட் பில் கணக்கில் ஒரு யூனிட். செல் மட்டும் நான்கு கிலோ. கன்ட்ரோலரின் 30 ஆம்பியர் நான்காகப் பிரிந்தால் செல்லுக்கு ஏழரை. 50எஸ்ஸும் மோலிசெல் பி42ஏயும் இதைச் சூடாகாமல் கொடுக்கும். பி42ஏயில் கொள்ளளவு 16.8 ஆகக் குறையும். விலை மலிவு என்று 18650 வகையில் 35இ போடாதீர்கள். அதன் வரம்பு 8 ஆம்பியர். நம் ஊர் வெயிலில் எந்நேரமும் விளிம்பில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

வாங்கிய செல்லைத் தராசில் வையுங்கள். நல்ல 21700 எழுபது கிராம் வாக்கில் இருக்கும். ஐம்பது கிராம் காட்டினால் மேலே என்ன அச்சடித்திருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். 18650 மேல் 9800 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது பொய், தொடவே வேண்டாம். எல்லாச் செல்லின் வோல்ட்டும் நூறில் ஒரு வோல்ட்டுக்குள் ஒத்திருக்க வேண்டும். தனித்து நிற்கும் செல் தானாக வடிகிற செல், ஒதுக்கிவிடுங்கள். உள்தடை மீட்டர் கிடைத்தால் அதிலும் ஒரு முறை பாருங்கள்.

செல்லில் நேராக ஈயம் வைக்கக் கூடாது, ஸ்பாட் வெல்டிங்தான். நிக்கல் என்று விற்பதில் பாதி, நிக்கல் பூசிய இரும்பு. ஒரு துண்டை உப்புக் காகிதத்தால் தேய்த்து உப்புத்தண்ணீரில் ஒரு நாள் போடுங்கள். துரு பிடித்தால் இரும்பு. தூய நிக்கல் 0.15 × 8 மி.மீ. பட்டைக்கு ஐந்தாறு ஆம்பியர்தான் கணக்கு. வரிசைக்கு வரிசை இணைப்பில் செல்லுக்கு ஒரு பட்டை வீதம் நான்கும், அதன் மேல் இன்னோர் அடுக்கும் போடுங்கள். வெல்டிங் பிடித்ததா என்று பார்க்க, பழைய செல்லில் நான்கு புள்ளி வைத்துக் கொறடாவால் பட்டையைப் பிய்த்துப் பாருங்கள். பட்டை கிழிந்து, புள்ளி இருந்த இடத்தில் நிக்கல் செல்லோடு ஒட்டியபடி நிற்க வேண்டும். சுத்தமாகப் பெயர்ந்து வந்தால் சூடு போதவில்லை.

பிளஸ் முனையில் ஒவ்வொரு செல்லுக்கும் காகித இன்சுலேட்டர் வளையம் ஒட்டாமல் பட்டை வைக்காதீர்கள். பிளஸ் முனையின் ஓரமே மைனஸ்தான், நடுவில் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை. கல்தட அதிர்வில் பட்டை அந்த உறையைத் தேய்த்தால் அங்கேயே ஷார்ட். செல் ஹோல்டர் போட்டுக் கட்டுங்கள். இடைவெளியை நிரப்ப சிலிக்கோன் என்றால் நியூட்ரல் வகை மட்டும். காடி வாசம் வருகிற சிலிக்கோன் நிக்கலையும் செம்பையும் அரிக்கும்.

செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்பலகையான பிஎம்எஸ் 14எஸ், 50 அல்லது 60 ஆம்பியர். முதலில் தடித்த பி மைனஸ் ஒயர். அதற்குப் பிறகு மெல்லிய ஒயர்கள், கனெக்டரை பிஎம்எஸ்ஸில் செருகாமல். மீட்டரின் கறுப்பு முனையைப் பேக் மைனஸில் வைத்து, சிவப்பை ஒவ்வொரு பின்னாகத் தொட்டு வாருங்கள்: செல் 3.6 வோல்ட்டில் இருந்தால் 3.6, 7.2, 10.8 என்று படிப்படியாக 50.4 வரை ஏற வேண்டும். நடுவில் ஒரு படி தாவினாலோ இறங்கினாலோ ஒயர் மாறியிருக்கிறது. சரியாக இருந்தால் மட்டும் செருகுங்கள். பெரும்பாலானவர்கள் பிஎம்எஸ்ஸைப் புகைய விடுவது இந்த ஒரு இடத்தில்தான். வேலை செய்யும்போது மோதிரம், கைக்கடிகாரம், கையில் கட்டிய செப்புக் காப்பு எல்லாம் கழற்றி வையுங்கள்.

பியூஸ் பற்றி யாரும் சொல்வதில்லை. கார் கடையில் கிடைக்கும் பிளேடு பியூஸ் 32 வோல்ட்டுக்கானது. 58 வோல்ட்டில் அது உருகினாலும் இடைவெளியில் தீப்பொறி தொடர்ந்து எரியலாம். போர்க்லிப்ட் வண்டிகளுக்கு வரும் 80 வோல்ட் போல்ட் பியூஸ், 50 ஆம்பியர், பேட்டரி பெட்டிக்குள்ளேயே பிளஸ் முனைக்குப் பக்கத்தில் போடுங்கள். வெளியே வரும் ஒயர் 10 கேஜ் சிலிக்கோன், கனெக்டர் எக்ஸ்டி90எஸ். அதில் உள்ளேயே தடை இருப்பதால் செருகும்போது பொறி பறக்காது.

சார்ஜ் செய்வதில் நம் ஊருக்கென்று ஒரு விஷயம். லித்தியம் அயான் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. கத்திரி வெயிலில் தகர ஷெட்டுக்குள் மதியம் அந்தச் சூடு சாதாரணம். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜர் மாட்டவும் கூடாது. விடியற்காலையில், சிமென்ட் தரையில், வெளியே போகிற வாசலை அடைக்காத இடத்தில் வைத்துச் செய்யுங்கள். படுக்கும் நேரத்தில் மாட்டிவிட்டுத் தூங்காதீர்கள். தினசரிக்கு 57.4 வோல்ட் வரை போதும், செல்லுக்கு 4.1. தோப்பு வேலை இல்லாத மாதங்களில் 52, 53 வோல்ட்டில் நிறுத்தி வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். முழு சார்ஜில் சூட்டில் கிடக்கும் செல்தான் மிக வேகமாகக் கெடும்.

சத்துவாச்சாரி பதில்:

ஏலகிரி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மோட்டார் வண்டி விதிகள் 1989, விதி 2(யு) சொல்வது: மோட்டாரின் முப்பது நிமிடச் சக்தி 250 வாட்டுக்குள், வேகம் 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால்தான் அது மோட்டார் வண்டி ஆகாது. மிதிக்கும்போது துணைசெய்யும் வகையில் மிதி நின்றாலோ 25ஐத் தொட்டாலோ மோட்டார் நிற்க வேண்டும். 1000 வாட் மோட்டார் இதற்குள் வராது. டிஸ்ப்ளேயில் 250 வாட் என்று குறைத்து வைப்பதும் மோட்டாரை மாற்றாது.

மோட்டார் வண்டி என்றால் பதிவு, லைசென்ஸ், காப்பீடு எல்லாம் வேண்டும். பதிவுக்கு வகை ஒப்புதல் வேண்டும், வீட்டில் கட்டிய ஒற்றை வண்டிக்கு அதை வாங்குவது தனி ஆளால் ஆகிற காரியமில்லை. பதினான்கு கொண்டை ஊசி வளைவில் எதிரே வருகிற ஒருவர் மேல் மோதினால் மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாத வண்டி அது. முழுப் பொறுப்பும் உங்கள் தலையில். பட்டா நிலத்துக்குள் ஓட்டுங்கள். ஏலகிரிக்கு அந்த வண்டி வேண்டாம்.

இன்னொன்று, மேல்கொல்லை வேலிக்கு அப்பால் காப்புக்காடு தொடங்குகிறதா என்று பாருங்கள். அதற்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டி கொண்டு போகக் கூடாது. கல் நட்டிருக்கும் எல்லையைத் தெரிந்துகொண்டு தடம் போடுங்கள்.

மேட்டுக்கொல்லை கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. நடுமோட்டார் என்று முடிவு செய்துவிட்டேன், சாலைக்கு எடுப்பதில்லை. இன்னும் மூன்று சந்தேகம். ஒயர்மேன் அண்ணா, சூடு இவ்வளவு பிரச்சினை என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் போடலாமா? பேட்டரிக்கும் கீழ்க்குழாய்க்கும் நடுவில் ஆம்பூரில் கிடைக்கும் தோல் கழிவுத் துண்டு வைக்கலாமா? பல்சக்கரம் அண்ணா, பிரேக்கும் சஸ்பென்ஷனும் பற்றிச் சொல்லவில்லையே, அப்படியே விடலாமா?

காட்பாடி_ஒயர்மேன் பதில்:

பாஸ்பேட் செல் சூட்டை நன்றாகத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. 16எஸ் போட்டால் முழு சார்ஜில் 58.4 வோல்ட், கன்ட்ரோலருக்கும் பொருந்தும். தடை எடையும் இடமும்தான். 32700 செல் 6 ஆம்பியர் ஹவர் வகையில் 16எஸ் 4பி கட்டினால் 64 செல், ஒன்பது கிலோவுக்கு மேல். உங்கள் பிரேமின் முக்கோணத்துக்குள் அது உட்காராது, பின்னால் கேரியரில் வைக்க வேண்டிவரும். கல்தடத்தில் கேரியரில் ஒன்பது கிலோ ஆடினால் முன்சக்கரம் தூக்கும், கேரியர் வெல்டும் விடும். 16எஸ் 3பி, 18 ஆம்பியர் ஹவர், ஏழு கிலோ. முக்கோணத்தில் இடம் அளந்து பாருங்கள், பிடித்தால் நான் தாராளமாக அதையே சொல்வேன். டிஸ்ப்ளேயின் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். இந்தச் செல்லின் வோல்ட் கடைசி வரை இறங்காமல் நின்று திடீரென்று விழும். பிஎம்எஸ்ஸின் ஆம்பியர் ஹவர் எண்ணிக்கையைப் பாருங்கள்.

தோல் வேண்டாம். ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஐப்பசி கார்த்திகை மழையில் அதன் அடியில் அலுமினியம் வெளுத்து அரிக்கும். 3 மி.மீ. நியோபிரீன் ரப்பர் வையுங்கள். பேட்டரி பெட்டியைப் பாட்டில் வைக்கும் இரண்டு துளையில் மட்டும் தொங்கவிடாமல், சுற்றி இரண்டு பெல்ட் போட்டு இறுக்குங்கள். ஒயர் எல்லாம் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏறும்படி கட்டினால் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

பல்சக்கரம் பதில்:

அப்படியே விடக் கூடாது தம்பி. ஏறுவதற்கு மோட்டார் இருக்கிறது, இறங்குவதற்கு பிரேக் மட்டும்தான். நடுமோட்டாரில் ரீஜென் கிடையாது. அந்த ஐந்நூறு மீட்டர் நூறு மீட்டர் உயரம்; 110 கிலோவுக்கு ஒரு லட்சம் ஜூலுக்கு மேல், அவ்வளவும் டிஸ்க்கில் சூடாகப் போக வேண்டும். 160 மி.மீ. டிஸ்க்கில் பாதி வழியிலேயே லீவர் தளரலாம்.

நான்கு பிஸ்டன் ஹைட்ராலிக், சைமானோ எம்டி520 போன்றது, முன்னால் 203, பின்னால் 180 டிஸ்க். பழைய டிஸ்க்கில் 'ரெசின் பேட் மட்டும்' என்று பொறித்திருந்தால் அதில் மெட்டல் பேட் போடாதீர்கள், டிஸ்க்கைத் தின்றுவிடும். சைமானோவுக்கு மினரல் ஆயில். டாட் ஆயில் ஊற்றினால் சீல் ஊதிப்போகும். பிரேக் லீவருக்குக் காந்த சென்சார் ஒட்டி மோட்டார் கட்ஆஃப் கட்டாயம் கொடுங்கள். அது இல்லாமல் ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால் பிரேக்கும் மோட்டாரும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

203 டிஸ்க் போடும் முன் உங்கள் போர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன் கவை) அதற்கு அனுமதிக்கிறதா என்று பாருங்கள். மலிவு 100 மி.மீ. போர்க்குகள் பலவற்றுக்கு 160, 180தான் எல்லை. 34 மி.மீ. குழாய், 15 மி.மீ. துரூ ஆக்சில், 130 மி.மீ. அசைவு உள்ள போர்க்குக்குப் பணம் ஒதுக்குங்கள். பணம் போதவில்லை என்றால் பேட்டரியை 3பியாகக் குறைத்தாவது போர்க்கும் பிரேக்கும் வாங்குங்கள். 3பியில் 50எஸ்ஸுக்குச் செல்லுக்கு 10 ஆம்பியர், தாங்கும். ஒன்றரை கிலோமீட்டர் தடத்துக்கு 15 ஆம்பியர் ஹவர் தாராளம்.

டயர் 2.4 அல்லது 2.6, காற்று இருபது பிஎஸ்ஐ வாக்கில். உங்கள் பக்கம் சீமைக்கருவேல முள் இல்லாத வரப்பு கிடையாது. டியூப் போட்டால் வாரம் தவறாமல் பஞ்சர். டியூப்லெஸ் டேப் ஒட்டி, துளையைத் தானாக அடைக்கும் சீலன்ட் திரவம் சக்கரத்துக்கு 120 மி.லி. ஊற்றுங்கள். வெயிலில் அது சீக்கிரம் காயும். மார்ச் முதல் ஜூன் வரை மாதம் ஒரு முறை வால்வு வழியாக 40 மி.லி. சேருங்கள். முள் குத்தி நின்றால் பிடுங்காமல் வீடு வரை ஓட்டி வாருங்கள். பிடுங்கியவுடன் துளையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்தால் சீலன்ட் அங்கே தேங்கி அடைக்கும்.

ஒயரெல்லாம் முடிந்ததும் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி முதல் ஓட்டம் பாருங்கள். ஆம்பியர் வரம்பை நேராக 30க்கு வைக்காமல் 18இல் தொடங்குங்கள், தொடக்க ஆம்பியர் 10 சதவீதம், ஸ்லோ ஸ்டார்ட் 4. பழைய வகை கன்ட்ரோலருக்கு யுஎஸ்பி கேபிளில் இதை மாற்றலாம். புதிதாக வரும் சில கன்ட்ரோலர்கள் கேன் என்ற வேறு தகவல் முறையில் ஓடும், அவற்றில் அந்தக் கேபிள் வேலை செய்யாது, வாங்கும்போதே எது என்று கேட்டு வாங்குங்கள். ஒரு வாரம் அந்த 18இல் ஓட்டி, செயின் ஓட்டம், நட்டு இறுக்கம், மோட்டார் உடல் சூடு எல்லாம் பார்த்த பிறகு 25. செங்குத்தில் 25 போதவில்லை என்றால் மட்டும் 30. உதிரியாக ஒரு செயின் லிங்க்கும் செயின் கட்டரும் பையில் இருக்கட்டும்.

மேட்டுக்கொல்லை பதில்:

சரி அண்ணா. அட்டை வெட்டி வைத்துப் பார்த்தேன், செயின்ஸ்டேயில் நான்கு மி.மீ. இடிக்கிறது. வலது பக்கம் ஸ்பேசர் போட்டால் போதுமா?

பல்சக்கரம் பதில்:

போதலாம், போட்டுப் பாருங்கள். ஆனால் போடும் அளவுக்கு மோட்டார் வலப்பக்கம் தள்ளிப் போகும், இடது பக்கம் வளைய நட்டுக்குத் திரெட் குறையும். மாட்டிப் பார்த்து நட்டின் திரெட் முழுதும் பிடித்தால் சரி. பிடிக்கவில்லை என்றால் வேறு பிரேம் பாருங்கள். செயின்ஸ்டேயைத் தட்டி ஒடுக்குவது, அரத்தால் தேய்ப்பது இரண்டும் வேண்டாம். அலுமினியம் அந்த இடத்தில்தான் விரிசல் விடும்.